விலை ஏறிய காலத்தில் மலைநாட்டுக்கு ஒரு பழைய கார் வாங்குவது எப்படி

"அண்ணே, ஒரு கார் பாத்து வச்சிருக்கேன். ஞாயித்துக்கிழமை கொஞ்சம் வாறீங்களா?"

கொட்டகலைப் பக்கத்தில் எனக்கு மாதத்துக்கு ஒரு தடவையாவது இப்படி அழைப்பு வரும். நான் மெக்கானிக் இல்லை. இந்த மலையில் இருபது வருடமாக ஏறி இறங்கி, ஒரு தடவை நன்றாக ஏமாந்தவன், அவ்வளவுதான். குருநாகலில் ஒரு கார் சேலில் பளபளவென்று நின்ற காரைத் தட்டையான வீதியில் இரண்டு கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்கினேன். வீட்டுக்கு ஏறி வரும்போது ஒரு குறையும் தெரியவில்லை. அடுத்த வாரம் நுவரெலியாவிலிருந்து குடும்பத்தோடு கம்பளைக்கு இறங்கினோம். லபுக்கலையைத் தாண்டி ரம்பொடை வளைவுகளில் பிரேக் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மலைப்பக்கத்துக் கானில் ஒரு சக்கரத்தை இறக்கி நிறுத்தினேன். பின் சீட்டில் அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. அதன்பிறகு யாருக்குக் கார் பார்க்கப் போனாலும் இறக்கத்தில் ஓட்டிப் பார்க்காமல் காசைப் பற்றிப் பேச விடுவதில்லை.

விலை ஏன் இறங்கவில்லை

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்குக் கதவு திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில். இடையில் 2022இல் டொலர் சுமார் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரைக்கும் ஓடிவிட்டது. அப்புறம் 300 பக்கம் வந்தாலும் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. இப்போது இறங்கும் காருக்கு எஞ்சின் கொள்ளளவைப் பார்த்து உற்பத்தி வரி, அதற்கு மேல் வற் என்று அடுக்கடுக்காக விழுகிறது. வயது வரம்பும் இருப்பதால் ஜப்பானிலிருந்து பத்து வருடப் பழைய காரை மலிவாக இறக்கவும் வழியில்லை. ஆக, நாட்டுக்குள் ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் கார்களைத்தான் எல்லோரும் சுற்றிச் சுற்றி வாங்குகிறோம். 2018இல் வாங்கியவர் நான்கைந்து வருடம் ஓடிவிட்டு, கொடுத்த விலைக்கு மேல் விற்ற கதைகள் நம் ஊரிலேயே எத்தனையோ.

விற்பவருக்கு அவசரம் இல்லை என்பது இதன் முதல் விளைவு. இரண்டாவதைப் பலர் கவனிப்பதில்லை. உதிரிப்பாகம் கிடைக்காத அந்த வருடங்களில் நிறையக் கார்கள் ஒட்டுப்போட்டு ஓடியவை. 2022 எரிபொருள் வரிசைக் காலத்தில் மாதக்கணக்கில் அசையாமல் நின்றவையும் உண்டு. நின்ற காரில் சீல், ரப்பர் ஹோஸ், பற்றரி எல்லாம் ஓடிய காரைவிட மோசமாக இருக்கும். அதனால் "அண்ணே, கிலோமீட்டர் ரொம்பக் கம்மி" என்று யாராவது சொன்னால் நான் உடனே சந்தோஷப்படுவதில்லை.

பணத்தை முதலில் பிரித்து வையுங்கள்

கையில் 50 இலட்சம் இருந்தால் 50 இலட்சக் காரைத் தேடாதீர்கள். 45க்குத் தேடுங்கள். மிச்சம் 5 இலட்சம் டயருக்கும் பிரேக்குக்கும் உரிமை மாற்றத்துக்கும் காப்புறுதிக்கும். இந்த விலையில் எந்தப் பழைய காரும் வாங்கிய மூன்று மாதத்துக்குள் ஒரு செலவு வைக்கும்.

லீசிங் போடுவதாக இருந்தால் மாதத் தவணையை மட்டும் கேட்காமல், கடைசி வரைக்கும் மொத்தம் எவ்வளவு கட்டுவேன் என்று கேளுங்கள். உதாரணத்துக்கு 30 இலட்சம், 5 வருடம், 14 வீதம் என்று வைத்துக்கொள்வோம். மீதிக்கு மட்டும் வட்டி கணக்கிட்டால் மாதம் ஏறத்தாழ 69,800 ரூபா, மொத்த வட்டி 12 இலட்சத்துக்குச் சற்றுக் குறைவு. அதே 14 வீதத்தை முதல் தொகைக்கே ஐந்து வருடமும் போட்டால் மாதம் 85,000, வட்டி 21 இலட்சம். வீதம் ஒன்றுதான், வித்தியாசம் 9 இலட்சம். எந்தக் கணக்கு என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாகனப் பெறுமதியில் எத்தனை வீதம் கடன் கொடுக்கலாம் என்பதற்கு மத்திய வங்கி வரம்பு வைத்திருக்கிறது, அதை அவ்வப்போது மாற்றவும் செய்கிறது. அதனால் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே லீசிங் கம்பனியில் பேசிவிடுங்கள்.

எந்தக் கார் என்பதை மலை முடிவு செய்யட்டும்

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 300 மீற்றருக்கும் ஏறத்தாழ 3 வீத வலுவை இழக்கும். காற்று மெலிதாவதுதான் காரணம். கொழும்பில் 660 சிசி காரில் துள்ளிக்கொண்டு போனவர், அதே காரில் ஐந்து பேரும் தீபாவளிச் சாமானும் ஏற்றிக்கொண்டு நானுஓயா ஏற்றத்தில் வரும்போது ஐந்தில் ஒரு பங்கு வலு கீழேயே தங்கிவிட்டதை உணர்வார். வெகன்ஆர், ஆல்டோ வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. டவுனுக்குள் ஓட, இரண்டு பேர் வேலைக்குப் போய்வர அருமையான கார்கள். கூட்டுக் குடும்பத்தோடு வாரம் ஒரு தடவை கண்டிக்குப் போகிறவர் 1,000 சிசிக்குக் கீழே இறங்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். 1,300, 1,500 என்றால் இன்னும் நிம்மதி.

தோட்டத்துக்குள் வீடு என்றால் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. மெயின் ரோட்டிலிருந்து லயம் வரைக்கும் போகும் கல் ரோட்டில் உங்கள் கார் அடி தட்டாமல் போகுமா? அக்வா, ப்ரியஸ் மாதிரிப் பதிந்து நிற்கும் கார்கள் அந்த ரோட்டில் முன் பம்பரைத் தின்றுவிடும். காரைப் பார்க்கப் போவதற்கு முன் உங்கள் ரோட்டின் மோசமான இடத்தில் நடுவில் துருத்தி நிற்கும் கல் எத்தனை அங்குலம் என்று ஒரு கோல் வைத்து அளந்து பாருங்கள். சிரிப்பாகத்தான் இருக்கும், ஆனாலும் அளந்துவிட்டுப் போங்கள்.

கியரைப் பொறுத்தவரை மெனுவல் இன்றைக்கும் மலைக்கு ஏற்றது. கிளட்ச் போனால் எந்த டவுனிலும் மாற்றலாம். சிவிடி என்ற, கியர் படிகள் இல்லாத ஓட்டோ கியர்பொக்ஸ் சூட்டுக்குப் பயந்தது, அதன் ஒயிலை ஒழுங்காக மாற்றிய ரசீது இருந்தால் மட்டும் வாங்குங்கள். இரட்டைக் கிளட்ச் வைத்த ஹொண்டா ஃபிட் ஹைபிரிட்டின் ஆரம்ப வருடக் கார்கள் ஜப்பானிலேயே பலமுறை திருத்தத்துக்குத் திருப்பி அழைக்கப்பட்டவை. அந்தத் திருத்தங்கள் செய்யப்பட்டனவா என்று தெரியாமல் மலைக்குக் கொண்டுவர வேண்டாம்.

போவதற்கு முன் ஒரு போன்

மூன்று கேள்விகள் போதும். பதிவுப் புத்தகம் (சீஆர்) யார் பெயரில் இருக்கிறது? லீசிங் பாக்கி உண்டா? நான் வரும் வரைக்கும் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல் வைத்திருக்க முடியுமா? மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

சீஆர் புத்தகத்தின் இரண்டு பக்கத்தையும் வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் சிறு கட்டணம் கட்டி வாகன இலக்கத்தைக் கொடுத்தால் பதிவு விபரங்களைப் பார்க்கலாம். 'அப்சலூட் ஓனர்' என்ற இடத்தில் ஒரு நிதிக் கம்பனியின் பெயர் இருந்தால், அந்தக் கம்பனி விடுவிக்கும் வரைக்கும் கார் அவர்களுடையது. விற்பவர் எத்தனை சத்தியம் செய்தாலும் சரி.

காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போது

போனதும் முதலில் பொனட்டின் மேல் உள்ளங்கையை வையுங்கள். சூடாக இருந்தால் ஏற்கனவே ஓட்டி வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த எஞ்சின்தான் தட்டும் சத்தம், நீலப்புகை, முதல் ஸ்டார்ட்டில் முனகல் எல்லாவற்றையும் காட்டிக்கொடுக்கும். மலையில் காலை 12 பாகைக் குளிரில் ஒரே தடவையில் பிடிக்கும் எஞ்சினை நம்பலாம்.

ஆறியிருக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். சூட்டில் திறந்தால் முகம் வெந்துவிடும். கூலன்ட் பச்சையாகவோ சிவப்பாகவோ தெளிவாக இருக்க வேண்டும். வெறும் பைப் தண்ணீரோ துருக் கலரோ என்றால் அந்தக் காரைக் கவனித்து வைத்திருக்கவில்லை. நுவரெலியா உயரத்தில் தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும். மூடி பிடிக்கும் அழுத்தமும் கூலன்டும்தான் அதைக் கொதிக்காமல் வைத்திருக்கின்றன. ரப்பர் வெடித்த ஒரு மூடியின் விலை கொஞ்சம்தான், அதனால் ஹெட் கேஸ்கட் (எஞ்சின் தலைப்பகுதிக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) போனால் செலவு இலட்சத்தில் நிற்கும்.

ஒயில் மூடியின் அடியில் வெண்ணெய் மாதிரி ஏதாவது ஒட்டியிருந்தால் உடனே பயந்து திரும்பிவிடாதீர்கள். கீழ்நாட்டு பாஸ்மார் (மெக்கானிக்மார்) அதைப் பார்த்ததும் ஹெட் கேஸ்கட் என்பார்கள். நம் குளிரில், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டு வருவது போன்ற குறுகிய ஓட்டம் மட்டும் ஓடும் காரில் ஈரம் படிந்து அப்படி வருவதுண்டு. டிப் ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். அதிலும் பால் தேத்தண்ணி நிறம் என்றால்தான் பிரச்சினை.

காரின் பொடியை (வெளிக்கூட்டை)ப் பார்க்க வெளிச்சம் வேண்டும். மழையில் நனைந்த காரை எக்காரணம் கொண்டும் பார்க்காதீர்கள், ஈரம் எல்லாக் கீறலையும் மறைத்துவிடும். பொனட், கதவு, டிக்கி ஆகியவற்றின் போல்ட் தலைகளில் பெயின்ட் உடைந்திருந்தால் கழற்றிப் பூட்டியிருக்கிறார்கள். ஒரு பக்க ஹெட்லைட் மங்கலாகவும் மற்றது புதிதாகவும் இருந்தால் ஏன் என்று கேளுங்கள். ஜப்பான் காரென்றால், அங்கே ஏலத்தில் விட்டபோது காரைப் பார்த்து எழுதிய ஏல அறிக்கையைக் கேளுங்கள். அதில் தரம் ஆர் என்று இருந்தால் அங்கேயே விபத்தில் அடிபட்டுத் திருத்திய கார். அறிக்கையிலுள்ள கார்ப் படத்தில் டபிள்யூ என்றால் அந்த இடம் திருத்திப் பெயின்ட் அடித்தது, இரண்டு எக்ஸ் என்றால் அந்தப் பாகமே மாற்றியது. சேஸி இலக்கம் காரில் இருப்பதும் அறிக்கையில் இருப்பதும் ஒன்றுதானா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். அதே சேஸி இலக்கத்தை அந்த வகைக் காரின் இலங்கை ஏஜன்டிடம் கொடுத்து குறைபாட்டுக்காகத் திருப்பி அழைக்கப்பட்ட டகாட்டா கம்பனி எயார்பேக் மாற்றவேண்டிய காரா என்றும் விசாரியுங்கள்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டு 23ஆவது வாரம் செய்தது. பூ நன்றாக இருந்தாலும் ஏழெட்டு வருட டயர் மழையில் வட்டவளை வளைவுகளில் பிடிக்காது. உள்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் அடியில் புஷ், போல் ஜொயின்ட் வேலை காத்திருக்கிறது.

தண்ணீர் குடித்த கார்

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்த வெள்ளத்தில் நாடு முழுக்க எத்தனையோ வாகனங்கள் மூழ்கின. கம்பளைப் பக்கம் நடந்ததை நம்மில் பலர் கண்ணால் பார்த்தவர்கள். அப்படி மூழ்கிய கார்கள் கழுவி, காயவைத்து, சீட் கவர் மாற்றி வேறு மாவட்டத்தில் விற்பனைக்கு வரும்.

சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுங்கள். யாரும் அவ்வளவு தூரம் இழுத்துக் கழுவுவதில்லை. சுருளுக்குள் இருந்த கடைசி இரண்டடியில் ஒரு மண்ணிறக் கோடு குறுக்காக ஓடினால், தண்ணீர் எந்த உயரத்துக்கு வந்தது என்று கோடு போட்டு வைத்த மாதிரி. அந்தத் துணியை மூக்கருகில் கொண்டுபோய் மோந்து பாருங்கள். ஸ்பிரே வாசனைக்கு அடியில் ஆற்று வண்டல் வாடை தனியாகத் தெரியும். அப்புறம் முன் சீட்டைப் பின்னுக்குத் தள்ளித் தண்டவாளத்தின் போல்ட்டில் துருவைத் தேடுங்கள். ஸ்பெயார் டயர் குழிக்குள் விரலை ஓட்டினால் மெல்லிய சேறு வரும். ஹைபிரிட் கார் என்றால் இதில் ஒன்று கண்டாலே போதும், வீட்டுக்குப் போய்விடலாம்.

ஏற்றமும் இறக்கமும்

காரை ஓட்டிப் பார்க்கத் தனியாகப் போகாதீர்கள். நான்கு பேரை ஏற்றுங்கள், அதில் ஒருவர் கொஞ்சம் பருத்தவராக இருந்தால் நல்லது. கண்டியில் பார்த்தால் கடுகண்ணாவைக்கும், ஹட்டன் பக்கம் என்றால் கினிகத்தேனைக்கும் ஒரு சுற்றுப் போய்வருவேன் என்று விற்பவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பெட்ரோலை நீங்கள் அடியுங்கள். மறுத்தால் அந்தக் கார் வேண்டாம்.

ஏறும்போது ஏசியையும் ரேடியோவையும் அணைத்து, கண்ணாடியை இறக்கிக் காதைக் கொடுங்கள். ஏற்றத்தின் நடுவில் ஓரமாக நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை மட்டும் போட்டுக் காலை எடுங்கள். கார் பின்னுக்கு நகரக் கூடாது. அங்கிருந்தே திரும்ப எடுங்கள். மெனுவலில் கிளட்ச் வாடை அடித்தாலோ, ஓட்டோவில் உலுக்கல் வந்தாலோ குறித்துக்கொள்ளுங்கள். வெப்ப முள் நடுவைத் தாண்டக் கூடாது. மேலே போனதும் ஏசியைப் போட்டு ஐந்து நிமிடம் நின்ற இடத்தில் ஓடவிட்டால் ரேடியேட்டர் ஃபேன் வேலை செய்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

இனி இறக்கம். வழக்கமாக நாம் கியரைக் குறைத்து, ஓட்டோ என்றால் எல் (L) அல்லது பி (B) நிலையில் போட்டு எஞ்சினைப் பிடிக்கவிட்டுத்தான் இறங்குவோம். முதலில் அப்படியே இறங்கி, எஞ்சின் காரைப் பிடிக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் முன்னும் பின்னும் வாகனம் இல்லாத நேரான துண்டில், வேகத்தைக் கூட்டாமல், பிரேக்கை நான்கைந்து தடவை அழுத்தமாகப் பிடித்து விடுங்கள். ஸ்டியரிங் நடுங்கினால் டிஸ்க் வளைந்திருக்கிறது. ஒரு பக்கம் இழுத்தால் ஒரு கலிப்பர் இறுகியிருக்கிறது. பெடல் ஒவ்வொரு தடவையும் முன்னைவிட ஆழமாகப் போனால் உடனே ஓரங்கட்டி ஆறவிடுங்கள்.

அன்று ரம்பொடையில் எனக்கு நடந்தது அதுதான். பிரேக் ஒயில் காலப்போக்கில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். டொட் 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை வரைக்கும் கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு 140 பாகையிலேயே கொதிக்கலாம். கொதித்தால் குழாய்க்குள் ஆவி, பெடலுக்குக் கீழே ஒன்றும் இருக்காது. கராஜில் பாஸ் என் காரின் பிரேக் ஒயிலை ஒரு போத்தலில் பிடித்துக் காட்டினார். கடும் பிளேன்டீ நிறம். எத்தனை வருடமாக மாற்றவில்லையோ. தட்டையான ஊரில் அந்த ஒயிலோடு இன்னும் இரண்டு வருடம் ஓடியிருக்கலாம்.

கீழே இறங்கி நிறுத்தியதும் நான்கு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். முன் இரண்டும் ஒரே அளவு சூடாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் அனல் அடித்தால் அந்தப் பக்கம் பிரேக் விடவில்லை.

ஹைபிரிட் என்றால்

ஸ்கேன் போடாமல் வாங்கவே கூடாது. பற்றரி பிளொக்குகளின் வோல்டேஜை ஏற்றத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது பார்க்க வேண்டும், நின்ற இடத்தில் எல்லாம் சமமாகத்தான் காட்டும். ஒரு பிளொக் மட்டும் விழுந்து விழுந்து எழுந்தால் பற்றரிக்கான காசை விலையில் கழியுங்கள். நீண்ட இறக்கத்தில் பற்றரி நிரம்பியதும் எஞ்சின் திடீரென்று இரைந்து ஓடும், அது குறையல்ல. பின் சீட்டுப் பக்கம் இருக்கும் பற்றரி ஃபேனின் காற்றுத் துவாரத்தைப் பாருங்கள். தூசியும் நாய் மயிரும் அடைத்திருந்தால் பற்றரி வெந்துகொண்டிருந்திருக்கிறது.

பேப்பர்

ஓப்பன் பேப்பரில் காரை வாங்காதீர்கள். புத்தகத்தில் இருக்கும் ஆள் கையெழுத்துப் போட்ட வெறும் படிவங்கள் நான்கு கை மாறி வரும். அந்த ஆள் வெளிநாடு போயிருப்பார், அல்லது இறந்தே போயிருப்பார். விபத்து ஒன்று நடந்தால் கதை வேறு. பதிவு உரிமையாளரையே நேரில் வரச் சொல்லி, அடையாள அட்டையைப் புத்தகத்தோடு ஒப்பிட்டு, உங்கள் முன்னால் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். கைமாறிய 14 நாட்களுக்குள் திணைக்களத்துக்குத் தெரிவிக்க வேண்டும். எஞ்சினோ நிறமோ மாறியிருந்தால் அதுவும் புத்தகத்தில் ஏறியிருக்க வேண்டும்.

உடன்படிக்கை சிங்களத்தில் எழுதினால், வாசிக்கத் தெரிந்த நம் ஆள் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். புரோக்கர் வாசித்துச் சொல்வது கணக்கில் இல்லை. காசை வங்கியில், கணக்குக்குக் கணக்கு மாற்றுங்கள். அட்வான்ஸ் சிறிதாக, ரசீதோடு, 'லீசிங் சரிவராவிட்டால் திருப்பித் தரப்படும்' என்ற ஒரு வரியோடு. நடப்பு வருட லைசனும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் கையோடு வரவேண்டும். காப்புறுதியை உங்கள் பெயரில் எடுத்துவிட்டுத்தான் சாவியைத் திருப்புங்கள். மண்சரிவும் வெள்ளமும் அதில் அடங்குகிறதா என்று வாய்விட்டுக் கேளுங்கள், நம் ஊரில் அது உபரிச் செலவு இல்லை.

விலை பேசும்போது

விற்பவரிடம் காரைத் திட்டாதீர்கள். பார்த்த குறைகளைத் தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் கராஜில் கேட்ட விலையைப் போட்டு, அந்தத் தாளை அவர் முன்னால் வையுங்கள். டயர் நான்கு, புஷ் இரண்டு பக்கம், பிரேக் டிஸ்க் என்று வரிசையாக இருந்தால் அவரும் பேச்சுக்கு வருவார். "நேத்து ஒருத்தர் ரெண்டு இலட்சம் கூடக் கேட்டுட்டுப் போனார்" என்று சொன்னால் சிரித்துக்கொண்டே போன் நம்பரைக் கொடுத்துவிட்டு வாருங்கள். நான் பார்த்தவரைக்கும் பாதிப்பேர் பத்து நாளில் திரும்ப எடுக்கிறார்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்த வாரம்

கோவிலுக்குக் கொண்டுபோய் எலுமிச்சம்பழம் ஏற்றுவதற்கு முன் கராஜுக்குக் கொண்டுபோங்கள் என்றால் அம்மா சண்டைக்கு வருவார், அதனால் கோவிலுக்குப் போய்விட்டே வாருங்கள். அப்புறம் அதே நாளில் எஞ்சின் ஒயில், ஃபில்டர், கூலன்ட், ரேடியேட்டர் மூடி, பிரேக் ஒயில், பனிமூட்டத்துக்கு வைப்பர் பிளேட் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். பழைய பிரேக் ஒயிலை ஒரு வெள்ளைப் போத்தலில் பிடித்துத் தரச் சொல்லுங்கள். என்னுடையது இன்னும் கராஜ் ஜன்னலில்தான் இருக்கிறது, கார் பார்க்க அழைக்கிறவர்களை முதலில் அங்கேதான் கூட்டிக்கொண்டு போவேன்.